இப்ப வரும் பாரும்!

டிசம்பர் பிறந்துவிட்டால் இந்த ஆட்களின் எதிரே அகப்படக் கூடாது. அகப்பட்டால் நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "வருஷம் முடியப்போகுது. உம்ம டாப் டென் ஆல்பம் எதுஎதுவே?" என்று நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். கருப்பட்டி வாங்கப் போகிற வழியில் பத்து ஆல்பத்துக்கு எங்கே போவது? நாம் முழிப்பதைப் பார்த்ததும் அவர்கள் முகம் மலரும். நம்முடைய பட்டியல் யாருக்கு வேண்டும்? அவர்கள் பட்டியலை அவிழ்ப்பதற்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

உவரியில் இந்த வகைக்கு ஆள் இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். கப்பல் வடிவத்திலேயே மாதாவுக்குக் கோயில் கட்டிய ஊர் இது. கப்பல் வேலைக்குப் போனவர்கள் லீவில் வரும்போது சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். இந்த வகை ஆள் ஆல்பம் கொண்டுவருவார். கப்பலை விட்டு ஊரோடு வந்து சேர்ந்த பிறகும் ஆல்பத்தை விடமாட்டார். நான் பொதுவாகத்தான் எழுதுகிறேன், யாரையும் மனசில் வைத்துக்கொண்டு இல்லை. ஆனால் ஊதாக் கட்டம் போட்ட சாரம், கழுத்தில் இட்லித்தட்டு அகலத்துக்கு ஒரு ஹெட்போன், சாயங்காலமானால் மீன் ஏலம் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வள்ளத்து நிழலில் இருப்பு என்று சொன்னதும் ஊரில் யாருக்காவது யாராவது ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ஹெட்போனோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. சட்டைப் பையில் தனியாக ஒரு ஜோடி இயர்பட் வைத்திருக்கிறார். அது அடுத்தவன் காதுக்கென்றே வாங்கியது. ஒன்றை எடுத்துச் சாரத்து நுனியில் துடைத்து நம் காதில் சொருகுவார். மற்றது அவர் காதுக்குப் போகும். பாட்டு தொடங்கும். பரவாயில்லையே, நன்றாக இருக்கிறதே என்று நாம் கேட்க ஆரம்பிக்கிற நேரத்தில் அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் மெல்ல எழும்பும்.

"இப்ப வரும் பாரும்."

என்ன வரும், எப்போது வரும் என்பது சொல்லப்படாது. விரல் மட்டும் அந்தரத்தில் நிற்கும். அதற்கப்புறம் பாட்டைக் கேட்க யாரால் முடியும்? விரலைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது வந்துவிட்டால் விரல் ஒரு சுண்டு சுண்டும், புருவம் ஏறும், கண் நம் முகத்தில் வந்து நிலைக்கும். வந்தது நம்மிடம் வந்து சேர்ந்ததா என்று பார்க்கிறாராம். சேராவிட்டால் பத்து விநாடி பின்னுக்குத் தள்ளி மறுபடியும் ஓடவிடுவார். "இப்ப... இப்ப... ஆங்! அந்த பேஸ் கிட்டார் கேட்டேரா?" கேட்டேன் என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்று நினைப்பவர் இந்தத் தொழிலுக்குப் புதியவர். ஒருமுறை நானும் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீரு எங்கவே கேட்டீரு? அது வலது பக்கம்லா வருது. உம்ம காதுல கிடக்கது இடது."

அதாவது, எனக்குக் கேட்கவே கேட்காது என்று தெரிந்துதான் அந்த ஒரு மணி நேரமும் விரலைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

2024 டிசம்பரில் இந்த விரல் உச்சத்தைத் தொட்டது. தி க்யூர் என்று இங்கிலாந்தில் ஒரு ராக் குழு. 16 வருஷம் புது ஆல்பமே இல்லாமல் இருந்துவிட்டு அந்த நவம்பரில்தான் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' என்று ஓர் ஆல்பம் போட்டிருந்தார்கள். நம்மவர் பட்டியலில் அதற்குத்தான் முதல் இடம். நான் கடற்கரைக்குப் போனது நெய்மீனில் ஒரு துண்டு வாங்கலாம் என்று. இயர்பட் காதில் ஏறிவிட்டது. முதல் பாட்டு, 'அலோன்'. "இப்ப வரும் பாரும், ராபர்ட் ஸ்மித் குரல்" என்று விரலைத் தூக்கினார்.

அந்தப் பாட்டில் பாடுகிறவர் வாய் திறக்கவே மூன்று நிமிஷத்துக்கு மேலாகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. டிரம் போகிறது, கீபோர்டு போகிறது, கிட்டார் போகிறது. விரல் நிற்கிறது. ஒரு பைபர் படகு கரை பிடித்தது. ஆட்கள் இறங்கித் தோள் கொடுத்து மேட்டுக்குத் தள்ளினார்கள். விரல் நிற்கிறது. நெய்மீனைத் தூக்கி மணலில் போட்டார்கள். எனக்கு வேண்டிய அளவில் ஒன்று அதில் கிடந்தது. நான் லேசாக எழுந்திருக்கப் பார்த்தேன். விரலை இறக்காமலே இடது கையால் என் தொடையை அமுக்கினார். "வந்திரும்வே, இருக்க மாட்டேரா?" ஏலம் கூவினார்கள். ஏறிற்று, படிந்தது. திசையன்விளை வியாபாரி ஒருவர் மொத்தமாக எடுத்து ஐஸ் பெட்டிக்குள் போட்டார். பெட்டி ஆட்டோவில் ஏறியது. ஆட்டோ கிளம்பியது. அதற்குப் பிறகுதான் ராபர்ட் ஸ்மித் வந்தார்.

நன்றாகத்தான் பாடுகிறார், அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'எண்ட்சாங்' பத்து நிமிஷத்துக்கு மேல். அதில் குரல் வருவதற்கு ஆறு நிமிஷம் தாண்டிவிடும். அதற்கும் விரல் எழும்பியது. அன்று ராத்திரி வீட்டில் ரசம்தான்.

இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. கேசட் காலத்தில் திசையன்விளை ரெக்கார்டிங் கடைக்கு முழுத்தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து, 90 நிமிஷ கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிஷம் கச்சிதமாக அடங்கும்படி கணக்குப் போட்ட பரம்பரை இது. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். 1986இல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' போட்டபோது, நம்மவர் கைக்காசைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் ஓடவிட்டிருக்கிறார். அப்பா கடலுக்குப் போய்விட்டு வந்து, பாட்டு எப்போது தொடங்கும் என்று கேட்டாராம். தொடங்காது, இது பாட்டில்லாத ஆல்பம் என்று தெரிந்ததும், "பாட்டில்லாத கேசட்டுக்குத் துட்டு குடுத்தவன் உவரியிலேயே என் மவன் ஒருத்தன்தாம்லே" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெருமையாகவா, வேதனையாகவா என்று இன்றுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து 'நத்திங் பட் விண்ட்' வந்தபோது துட்டு கொடுத்தது அந்த அப்பாதான்.

சினிமாப் பாட்டை நம்மவர் ஒதுக்குவதில்லை. எல்லா வகையும் கேட்கிறவர் என்று காட்ட வேண்டுமே, அதற்காகப் பத்தில் இரண்டு இடம் கொடுப்பார். 2024க்கு சந்தோஷ் நாராயணனின் 'வாழை', கோவிந்த் வசந்தாவின் 'மெய்யழகன்'. 'வாழை' நம்ம பக்கத்துக் கதை என்பதால் ஊர்ப்பாசமும் கொஞ்சம் கலந்திருந்தது. கேட்டால் மறுப்பார். அதே வருஷம்தான் 2011இல் இறந்துபோன மலேசியா வாசுதேவன் 'வேட்டையன்' படத்தில் பாடினார். அந்த ஜனவரியில் மறைந்த பவதாரிணி 'கோட்' படத்தில் பாடினார். செயற்கை நுண்ணறிவை வைத்துக் குரலை உண்டாக்கிவிட்டார்கள். டீக்கடையில் எல்லாரும் வாசுதேவன் குரல் எப்படிக் கணீரென்று இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்க, இவர் ஒருத்தர் மட்டும் தூக்கம் கெட்டுக் கிடந்தார். இறந்தவர் பாடியதை எந்த வருஷக் கணக்கில் சேர்ப்பது? புது வரவா, மறு வெளியீடா? விடியுமுன்னே போன் அடித்து இதை என்னிடம் கேட்டார். எனக்கு யாரோ போய்விட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

ஒன்று சொல்ல வேண்டும். ரஜினி பாட்டு, விஜய் பாட்டு என்று வாயசைத்தவர் பெயரிலேயே பாட்டை அழைக்கிற நாட்டில், பின்னால் இருந்து அடித்தவர் யார், ஊதியவர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்கிற ஒரே ஆள் இவர்தான். சக்தி இசைக்குழு 1977க்குப் பிறகு ஸ்டுடியோ ஆல்பம் என்று ஒன்று போட்டது 2023இல்தான், 'திஸ் மொமென்ட்'. அது அவருடைய அந்த வருஷத்து முதல் இடம். மறு பிப்ரவரியில் அதற்கு கிராமி கிடைத்ததும், தாம்தான் தேர்வுக் குழுத் தலைவர் என்பதுபோல ஊரெல்லாம் "நான் டிசம்பர்லயே சொன்னம்லா" என்று நடந்தார். இதில் கஞ்சிரா செல்வகணேஷ், அவர் அப்பா விக்கு விநாயக்ராம்தான் பழைய சக்தியில் கடம் வாசித்தவர் என்று மீன் வாங்க வந்த ஆச்சிக்குக்கூட விளக்கிக்கொண்டிருந்தார்.

2024 டிசம்பர் 15இல் அந்தச் சக்தியின் தபலாக்காரர் சாகிர் உசேன் அமெரிக்காவில் இறந்துபோனார். சேதி வந்த மறுநாள் வள்ளத்துப் பக்கம் போனேன். பட்டியல் பேச்சே இல்லை. இரண்டு இயர்பட்டையும் என் காதிலேயே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் என்ன வருகிறது என்று அன்றுதான் தெரிந்தது. விரல் எழும்பவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே அது கொஞ்சம் தேடியது.

இந்த இரக்கத்தை மனசில் வைத்துக்கொண்டு அவரை விட்டுவிடலாம்தான். ஆனால் பட்டியலின் நாலாவது இடமும் ஆறாவது இடமும் என்னை விடவில்லை. நாலாவது, நைஜர் நாட்டு எம்டூ மொக்டாரின் 'ஃப்யூனரல் ஃபார் ஜஸ்டிஸ்'. சகாராப் பாலைவனத்து டுவாரெக் இனத்துக்காரர், கிட்டார் அடித்தால் மணல் பறக்கிறது. ஆறாவது, கானவ்யாவின் 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்'. தமிழ்நாட்டில் வளர்ந்து அரிகதை பயின்ற பெண். ஆல்பம் வெளியிட்டது பெர்லினில் ஒரு கம்பெனி. இரண்டும் அருமை, விரலையும் மீறி ரசித்தேன். சரி அண்ணாச்சி, சகாரா மணலுக்கு நாலாம் இடம். உவரிக்கு மேற்கே தேரிமணல் கிடக்கிறதே, அங்கே சுடலைமாடன் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டு நடக்கிறதே, அதற்கு எந்த இடம்?

ஆடிக் கொடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டுதான் போயிருந்தேன். அண்ணாவி வீசுகோலால் வில்லை ஓங்கித் தட்ட, மணிகள் மொத்தமாகச் சிலிர்க்க, குடத்துக்காரர் பானை வாயில் மட்டையால் ஓர் அடி கொடுத்தார். அது காதில் விழுவதில்லை, நேரே அடிவயிற்றில் இறங்கும். இந்தப் பக்கம் கணியான் கூத்துக்காரர்கள் ஓலையைக் கொளுத்தி மகுடப் பறையைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார்கள். உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று. தோல் சூடேற ஏற விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்துச் சுதி சேர்ப்பதைப் பார்க்க வேண்டும். லண்டன் ஸ்டுடியோவில் டிரம்முக்கு எத்தனை மைக் வைப்பார்கள் என்று எனக்குப் பாடம் எடுத்த மனுஷன் இதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாரா? இல்லை. காவல்காரச் சாமி கதை தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. "மைக் செட்டுக்காரன் ட்ரெபிளை ஏத்தி வச்சிருக்காம்வே, காது வலிக்கி" என்று எழுந்து போய் பைக்கில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். 2022இல் வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் இறந்தபோது கண்ணீர் அஞ்சலி ஸ்டேட்டஸ் போட்டவர் இவர்.

எனக்கு இதில் நகைச்சுவை வரவில்லை. வில்லுக்கும் மகுடத்துக்கும் இன்றைக்குப் பின்பாட்டுக்கு ஆள் தேடிப் பிடிப்பதே பாடு. பாடுகிறவருக்கு எதிரே உட்கார்ந்து கேட்கக் காது வேண்டும். கேட்கத் தெரிந்த காது ஊருக்கே ஒரு ஜோடிதான். அதையும் பஞ்சு உறை போட்டு மூடி வைத்திருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? நாளைக்கு ஜெர்மன்காரன் ஒருவன் வந்து இதே கொடையைப் பதிவு பண்ணி, கறுப்பு அட்டையில் வெள்ளெழுத்தில் பெயர் போட்டு வெளியிட்டால் இவர் விரல் ஆகாசத்துக்கு எழும்பும். "இப்ப வரும் பாரும், அந்தக் குடம்!"

போன டிசம்பரில் வழக்கம்போல வழிமறித்தார். "உம்ம லிஸ்ட்டு என்னவே?" இந்த முறை நான் முழிக்கவில்லை. முதலாவது, தேரிக்காட்டுச் சுடலை கொடை வில்லு என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பட்டியல் விஷயத்தில் அவர் யாரையும் கேலி பண்ணமாட்டார், அந்த மரியாதை உண்டு. "ரிலீஸ் எப்போ?"

"ஆடியில."

"லேபிள்?"

"வரிதாரர் மொத்தப் பேரும்தான்."

போனில் குறித்துக்கொண்டார். "லைவ் ஆல்பம் கணக்குல வச்சுக்கிடலாம். ரெக்கார்டிங் இருக்குல்லா?"

"இல்ல."

ரொம்ப நேரம் யோசித்தார். உண்மையாகவே எனக்கு ஏதாவது வழி பண்ண முடியுமா என்று பார்த்தார் என்றுதான் தோன்றியது.

"அப்போ டாப் டென்ல வராது வே. ஆறுதல் பரிசுல போடுதேன்."