வாகன சம்ரட்சணம்

தெற்கு பிரான்ஸின் மலைச்சாரல் ஒன்று தீப்பற்றி எரிவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள் என்ற ஒரே காரணத்துக்காக, அங்கிருந்து பல நூறு கிலோமீற்றர் வடக்கே, பாரிஸை அடுத்த பொபினியில், எங்கள் மாடிக் கட்டடத்தின் கீழே ஒருவருக்கும் உபத்திரவமின்றி நின்றுகொண்டிருந்த என் காருக்குப் போர்த்துவதற்கென்று பச்சை நிறத்தில் ஒரு உறையை வாங்கிக்கொண்டு, மனிதர் நித்திரை கொள்வதற்கென்றே ஈசுவரனால் படைக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் வந்து கதவைத் தட்டிய என் மைத்துனரை என்ன வார்த்தை சொல்லி வாழ்த்துவதென்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. “மச்சான், கெதியாய் இறங்கி வா! காத்திலை புகை மணக்குது. சாம்பல் கொட்டப்போகுது” என்றார். மணத்தது, கீழ்வீட்டார் கருக்கிவிட்ட பாண்.

அவருடைய பீதி அடியோடு ஆதாரமற்றது என்று சொல்லிவிடவும் எனக்கு மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. 2022ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் திகதி, பாரிஸில் வெப்பம் 40 பாகையைத் தாண்டிய அந்த நாளில், ஜிரோந் மாகாணத்துப் பைன் காடுகளில் எழுந்த புகை ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீற்றர் பிரயாணம் செய்து தலைநகரத்துக்கே வந்து, ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தவர்களை எல்லாம் எங்கே எரிகிறது என்று தெருவை எட்டிப் பார்க்கச் செய்தது வாஸ்தவம். அன்று தொட்டு என் மைத்துனர் வானத்தை நம்புவதில்லை.

ஆகவே, காட்டுத்தீயின் சாம்பலிலிருந்து ஒரு காரை ரட்சிப்பது எப்படி என்பதை இரண்டே விதிகளில் இங்கே விளக்கிவிட உத்தேசித்திருக்கிறேன். முதல் விதி, உலர்ந்த சாம்பலைத் துணியால் துடைக்கக் கூடாது என்பது. தேங்காய்ப் பொச்சையும் அடுப்புச் சாம்பலையும் கொண்டு நம்முடைய பாட்டிமார் வெண்கலப் பானைகளைத் துலக்கியது, சாம்பலுக்குத் தேய்க்கும் சக்தி உண்டென்பதால்தான். பானையில் கரியைத் தேய்த்தெடுக்கும் அதே துகள், காரின் வர்ணப்பூச்சில் பளபளப்பைத் தேய்த்தெடுத்துவிடும். விறகுச் சாம்பலில் காரம் உண்டு; பனி பட்டு நனைந்தால் அந்தக் காரம் கரைந்து பூச்சை அரிக்கும். எனவே தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசவேண்டும் என்கிறது சாஸ்திரம். அப்படியே தெருவில் இறங்கி வாளியும் கையுமாக நிற்கலாம் என்றால், பொதுத்தெருவில் வாகனம் கழுவுவது இங்கே சுகாதார விதிகளின்படி குற்றம். வரட்சிக் கட்டுப்பாடு வந்துவிட்டாலோ, வீட்டு முற்றத்தில் கழுவுவதற்கும் தடை வந்துவிடும். காடு எரிவதும் வரட்சி வருவதும் ஒரே பருவத்தில் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கழுவாத காருக்கு உறை போர்த்தினாலோ, காற்று அடிக்கும்போதெல்லாம் உறையே அந்தத் துகளை வைத்து உரசும். போதாக்குறைக்கு, ஒரே இடத்தில் ஏழு நாளுக்கு மேல் அசையாமல் நிற்கும் வாகனத்தை இழுத்துச் செல்வதற்குப் பிரெஞ்சுப் போக்குவரத்துச் சட்டம் இடந்தருகிறது. பச்சை உறை போர்த்தி நிற்பது அதற்கு அழைப்பிதழ் அனுப்புவதே ஆகும்.

இரண்டாவது விதிக்குப் போகுமுன் உறைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அனுமதிக்கவேண்டும். நம்மவர் வீட்டில் ஒரு பொருள் உறையின்றி வாழ்ந்து, உறையின்றி மாய்ந்ததாகச் சரித்திரம் உண்டா? தொலைக்காட்சியின் றிமோட்டுக்குப் பொலித்தீன். அந்தப் பொலித்தீன் நழுவாமலிருக்க அதன்மேல் ஒரு றப்பர் வளையம். செற்றிக்கு விரிப்பு, விரிப்புக்கு மேல் இன்னொரு விரிப்பு, விருந்தினர் வந்தால் மேல்விரிப்பை எடுப்பார்கள், கீழ்விரிப்பை எடுக்கத்தக்க விருந்தினர் இன்னும் பிறக்கவில்லை. பிரிட்ஜின் கைபிடிக்கு ஒரு சட்டை, அதன் தலைக்கு ஒரு தொப்பி. வங்கியில் கடன் வாங்கி, மாதந்தோறும் வட்டி கட்டி, வியர்வை சிந்திச் சம்பாதித்த செற்றியின் உண்மை நிறம் இன்னதென்று அதன் சொந்தக்காரருக்கே தெரியாது; அவர் தமது ஆயுளைப் பொலித்தீனின் மேல் அமர்ந்து கழித்துவிட்டு, செற்றியைப் புத்தம்புதியதாகத் தமது மருமகனுக்கு விட்டுச் செல்வார், அந்த மருமகனும் அதை உறையோடுதான் வாங்கிக்கொள்வார். காரின் விஷயத்தில் இந்தப் பக்தி உச்சம் அடைகிறது. கொம்பனி அனுப்பிய பொலித்தீன் ஆசனங்களைவிட்டுக் கழலாமலிருக்க, பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் வாங்கிய அரிசி மூட்டையையும் கருவாட்டையும் மடியில் வைத்துக்கொண்டு, ஜூலை வெயிலில் முதுகு ஒட்டி, எழுந்திருக்கும்போது தோலும் பொலித்தீனும் பிரியும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நாமும் பிரயாணம் செய்கிறோம். என் காரின் பின்னாசனம் வெளிச்சத்தைக் கண்டதில்லை. கதவுகளின் விளிம்பில் வருகிற நீல நிறப் பஞ்சைக்கூட நான் உரிக்கவில்லை. உரித்தால் கார் பழையதாகிவிடும் என்று வீட்டார் அபிப்பிராயப்படுகிறார்கள்.

இத்தனைக்கும் சாம்பல் நமக்குப் புதிய வஸ்துவா? வாங்கிய அன்றே காரை லாச்சப்பல் மாணிக்க விநாயகர் ஆலயத்துக்கு ஓட்டிச் சென்று, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழத்தை வைத்து, முகப்பிலே மூன்று கீற்றாகத் திருநீற்றைத் தீட்டியவர் யார்? இதே மைத்துனர்தான். ஐயர் கையால் வந்தால் அருள், காற்றின் வழியே வந்தால் அனர்த்தம்.

இரண்டாவது விதி காருக்குள் இருப்பவருடைய நுரையீரலைப் பற்றியது; ஆகையால் அதில் ஒருவருக்கும் சிரத்தை இராது. அதை விட்டுவிடுகிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பாரிஸ் வரைக்கும் மணத்த அந்த 2022ஆம் ஆண்டுப் புகைக்குக் காரணமான இரண்டு பெருந்தீக்களில் ஒன்று, ஐரோப்பாவின் மிக உயர்ந்த மணற்குன்றான பிலாவின் அருகே, லா தெஸ்த் காட்டில், ஜூலை 12ஆம் திகதி பற்றிக்கொண்டது. பழுதாகி வழியில் நின்று தீப்பிடித்த ஒரு சிறு வானிலிருந்துதான் அது காட்டுக்குத் தாவியது. லாந்திராஸ் பக்கத்துத் தீயோடு சேர்த்து அம்மாதத்தில் இருபதாயிரம் ஹெக்டேயருக்கு மேல் எரிந்தது. காரைக் காட்டின் சாம்பலிலிருந்து காப்பாற்றுவதற்கு உறை விற்கிறார்கள். காட்டைக் காப்பாற்றுவதற்கு ஒருவரும் ஒரு உறையும் விற்கவில்லை.

வானாவது பழுதாகித்தான் தீப்பிடித்தது. என் மைத்துனர் ஆண்டுதோறும் குடும்பத்தோடு மார்செய்யுக்குக் காரில் போகிறவர், சிகரெட் பிடிக்கிறவர். காருக்குள்ளிருக்கும் சாம்பல் கிண்ணத்தை அவர் இதுவரை திறந்ததில்லை. திறந்தால் அழுக்காகிவிடுமாம், அதன்மேலும் ஒரு பொலித்தீன் இருக்கிறது. ஆகவே நெடுஞ்சாலையில் கண்ணாடியை இறக்கி, எரிகிற துண்டை வெளியே சுண்டிவிட்டு, உள்ளே ஒரு துகளும் விழவில்லையென்று திருப்தியோடு கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார். வெளியே இருப்பது, ஜூன் முதல் மழை காணாத புல். இந்த நாட்டில் காட்டுத்தீ பத்தில் ஒன்பது மனிதராலேயே உண்டாவதாக அரசாங்கம் கோடைதோறும் விளம்பரம் செய்கிறது. அந்த விளம்பரத்தை என் மைத்துனரும் பார்த்திருக்கிறார், ஆனால் அது வேறு மனிதரைப் பற்றியது என்பது அவருடைய துணிபு.

ஆகையால் இந்தக் கோடையில் தெற்கே பிரயாணமாகும் அன்பர்களிடம் என்னுடைய வேண்டுகோள் ஒன்றே: ஆசனங்களின் பொலித்தீனை உரிக்கவேண்டாம், றிமோட்டின் உறையையும் கழற்றவேண்டாம், அந்தச் சாம்பல் கிண்ணத்தின் உறையை மட்டும் தயைகூர்ந்து பிய்த்துவிடுங்கள்.