ஈரப்பலாக் கோட்பாடு: அலுவல் பயணம் தீவில் நீள்வது குறித்து ஓர் ஆய்வு

வேலை நிமித்தம் வெப்பமண்டலத் தீவுக்குப் போகிறவர் வேலை முடிந்த அன்றே ஊர் திரும்புவதில்லை. கூட்டம் வெள்ளிக்கிழமை முடிகிறது, திரும்பும் டிக்கெட் செவ்வாய்க்கிழமைக்கு இருக்கிறது. இடைப்பட்ட நாட்களில் அவர் கடலோர ரிசார்ட் ஒன்றில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறார். கணக்குப் பிரிவினர் இதை ஆசை என்றும், ஒழுங்கீனம் என்றும், ஆபீஸ் செலவில் ஓசிச் சுற்றுலா என்றும் நெடுங்காலமாக வகைப்படுத்தி வந்திருக்கின்றனர். மூன்று வகைப்பாடுமே பிழை. பயணத்தை நீட்டுவது தீவு. ஊழியர் அதற்கு உட்பட்டவர் மட்டுமே. கடலில் ஓதம் ஏறியதற்கு யாரிடமும் விளக்கம் கேட்பதில்லை அல்லவா, அதே சலுகை இவருக்கும் உரியது என்பதே இங்கு நிறுவப்படும் கருதுகோள்.

முதல் சான்று தாகித்தித் தீவு. வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து செல்வதைப் பார்த்துக் குறித்து வருவதற்காக ஜேம்ஸ் குக் அங்கே அனுப்பப்பட்டார். நிகழ்வு 1769 ஜூன் 3 அன்று, ஏறத்தாழ 6 மணி நேரம். காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு உட்கார்ந்தால் மாலைக் காப்பிக்கு எழுந்துவிடலாம். குக் ஏப்ரல் 13 அன்றே போய் இறங்கியதில் குற்றம் காண இடமில்லை. காவல் அரண் கட்டவும் கருவிகளைப் பொருத்தவும் நாள் வேண்டும். ஆனால் வெள்ளி கடந்துபோன பிறகும் அவர் 40 நாள் அங்கேயே இருந்தார். கப்பலைச் செப்பனிட்டதாகவும் தீவைச் சுற்றி வரைபடம் எடுத்ததாகவும் பதிவுகள் கூறுகின்றன. அடுத்த வேலை இல்லாததால் தங்கினாரோ என்றால் அதுவும் இல்லை. தென்கண்டத்தைத் தேடிப் போகும்படி கடற்படைத் தலைமை முத்திரையிட்டுக் கொடுத்த ஆணை அவர் கையிலேயே இருந்தது. புறப்படும் சமயத்தில் அவருடைய வீரர்கள் இருவர் மலைக்குள் ஓடி ஒளிந்தார்கள். தேடிப் பிடித்துத்தான் கப்பலேற்ற வேண்டியிருந்தது. போன வேலையின் பலனோ சுமார்தான். வெள்ளியின் விளிம்பு மங்கலாகத் தெரிந்ததால் ஆளுக்கொரு நேரம் குறித்துவைத்திருந்தார்கள்.

ஒரு சான்றை வைத்துக்கொண்டு கோட்பாடு கட்டலாகாது என்பவர்களுக்கு அதே தீவிலிருந்து இன்னொன்று. வில்லியம் பிளை 'பவுண்டி' கப்பலோடு 1788 அக்டோபரில் தாகித்திக்கு வந்தார். ஈரப்பலாக் கன்றுகளைத் திரட்டி மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அங்கே தோட்டங்களில் அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போட முதலாளிகள் கண்ட வழி அது. கன்று சேகரிப்பதற்கு 5 மாதம் ஆயிற்று. பருவம் தப்பி வந்துவிட்டோம், தொட்டியில் வைத்த கன்றுகள் வேர் பிடிக்க வேண்டும் என்பன காரணங்கள். முழுக்க உண்மையான காரணங்கள். கோட்பாட்டின் மையமும் இங்கேதான் இருக்கிறது. தீவில் தங்குவதற்கான காரணம் ஒருபோதும் பொய்யாக இருப்பதில்லை. அது எப்போதும் உண்மையானது, ஆவணத்தில் ஏறக்கூடியது, மேலதிகாரியால் மறுக்க முடியாதது, மெதுவாக வேர் விடுவது. இத்தகைய காரணத்தை இவ்வாய்வு இனி 'ஈரப்பலா' என்றே குறிக்கும். திங்கட்கிழமை அந்த ஊர் ஏஜெண்டைப் பார்க்க நேரலாம் என்பது ஓர் ஈரப்பலா. ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் கட்டணம் கூடுதல் என்பது இன்னொன்று, சற்றே முதிர்ந்தது.

பவுண்டி புறப்பட்டது 1789 ஏப்ரலில். நான்கு வாரம் தாண்டவில்லை, 28-ஆம் தேதி கலகம் மூண்டது. பிளையைப் படகில் இறக்கி விட்டுவிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்றுகளைக் கடலில் வீசினார்கள். கலகத்துக்குக் காரணம் கேப்டனின் கடுஞ்சொல்தான், தீவு அல்ல என்று வரலாற்றறிஞர் சிலர் வாதிப்பர். வாதம் வலுவானதுபோல் தோன்றும். ஆனால் இங்கிலாந்திலிருந்து தாகித்திக்கு வந்துசேர 10 மாதம் பிடித்தது. அந்தப் 10 மாதமும் அதே கேப்டன், அதே நாக்கு, அதே கப்பல். அப்போது ஒருவரும் கலகம் செய்யவில்லை. இடையில் புதிதாகச் சேர்ந்த பொருள் தீவு ஒன்றுதான். கலகக்காரரில் ஒரு பிரிவினர் பிட்கேர்ன் தீவுக்குப் போய், 1790 ஜனவரியில் கப்பலுக்கே தீ வைத்தார்கள். திரும்பும் டிக்கெட்டை இவ்வளவு தீர்மானமாக ரத்து செய்தவர்கள் வேறெவரும் இல்லை.

வேலையே கதி என்று இருப்பவருக்குத் தீவால் ஒன்றும் ஆகாது என்ற மறுப்பும் உண்டு. அதற்கு விடை பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டில். 1761-இல் நிகழ்ந்த வெள்ளிக் கடப்பைப் புதுச்சேரியிலிருந்து பார்க்கக் கிளம்பினார். ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்துவிட்டதால் நடுக்கடலில் ஆடும் கப்பலிலிருந்து பார்க்க நேர்ந்தது, கணக்குக்கு உதவவில்லை. அடுத்தது 8 வருடம் கழித்து வரும், அதுவரை இருந்துவிட்டே போகலாம் என்று முடிவு செய்தார். உலகம் கண்ட மிகப் பெரிய ஈரப்பலா அது. மொரீசியஸ், மடகாஸ்கர், மணிலா என்று தீவுகளாகவே தங்கிவந்த வரையில் குறையொன்றும் இல்லை. பிறகு பாரீஸின் விருப்பப்படி மணிலாவை விட்டுப் பெருநிலத்துக்கு, புதுச்சேரிக்கு வந்தார். 1769-இல் அந்த நாள் காலையில் புதுச்சேரி வானம் மூடிக்கொண்டது. மணிலாவில் தெளிவாக இருந்தது. தமிழ்க் கணியர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டதுதான் அவருக்கு மிச்சம். 1771-இல் வீடு திரும்பியபோது வாரிசுகள் சொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், அறிவியல் கழகத்தில் அவர் இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. தலைமையகத்தின் பேச்சைக் கேட்டுத் தீவைவிட்டுக் கிளம்புவதன் விளைவு இதைவிடத் தெளிவாக நிரூபணமானதில்லை.

பாய்மரக் காலத்துக் கதைகள் போதும் என்பவர்கள் பாலித் தீவின் நுசா துவாவைப் பார்க்கலாம். 2007 டிசம்பரில் அங்கு நடந்த ஐ.நா. காலநிலை மாநாடு 14-ஆம் தேதி முடிந்திருக்க வேண்டியது, 15-இல் முடிந்தது. 2013 டிசம்பரில் அங்கேயே கூடிய உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் 6-ஆம் தேதிக்குப் பதில் 7-இல் எழுந்தார்கள். துறை வேறு, ஆட்கள் வேறு, தீவு ஒன்று. கடுங்குளிரில் நடந்த 2009 கோபன்ஹேகன் மாநாடும்தானே ஒரு நாள் நீண்டது என்று கேட்பார்கள். நீண்டது உண்மை. ஆனால் கோபன்ஹேகன் நகரின் பெரும்பகுதி அமைந்திருப்பதும் ஒரு தீவின்மேல்தான். வெப்பமண்டலம் என்ற நிபந்தனையை இவ்வாய்வு தேவைக்கு அதிகமாகவே விதித்துவிட்டது போலும்.

வேலை நேரம் போக மாலையில் கடற்கரைக்குப் போய்வந்தால் போதாதா, தனியே நாட்கள் எதற்கு என்பதுதான் கணக்குப் பிரிவின் கடைசி அம்பு. அதை முறிக்க அந்தமான் போதும். நாட்டின் நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை ஒட்டி ஓடுகிறது; அந்தமானோ சுமார் 92.7 பாகையில் கிடக்கிறது. ஆகவே அங்கே சூரியன் கடிகாரத்துக்கு 40 நிமிடம் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் மாலை 5 மணியை ஒட்டியே பொழுது சாய்ந்துவிடும். ஆபீஸிலிருந்து வெளியே வருகிறவர் காண்பது இருட்டை. ராதாநகர் கடற்கரை இருக்கும் ஸ்வராஜ் தீவுக்கோ கப்பலேறித்தான் போக வேண்டும். வேலை நாளில் பகல் வெளிச்சத்தில் கடலைப் பார்ப்பது வானியல் ரீதியாகவே இயலாது எனும்போது, கூடுதல் நாள் என்பது சலுகை அல்ல, கழித்த பகலைத் திருப்பிக் கொடுத்தல். மத்திய அரசு இதை எப்போதோ உணர்ந்துவிட்டது. அலுவல் சுற்றுப்பயணத்தின்போதே தற்செயல் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம், அந்த நாட்களுக்குத் தினப்படி மட்டும் கிடையாது என்கிறது விதி. தனியார் துறை இதில் பின்தங்கியது என்றும் சொல்ல முடியாது. அலுவல் பயணி வாரக் கடைசிக்குள் வீடு திரும்பத் துடிப்பார் என்று நம்பிய அமெரிக்க விமான நிறுவனங்கள், சனிக்கிழமை இரவு தங்கித் திரும்புவோருக்கு மட்டுமே குறைந்த கட்டணம் என்று வெகுகாலம் வைத்திருந்தன. அதனால் ஊழியர் தங்கத் தங்க நிறுவனத்துக்கு டிக்கெட்டில் லாபம்.

எஞ்சியிருப்பது எத்தனை நாள் தங்கலாம் என்ற நடைமுறைக் கேள்வி. சான்றுகளே அளவையும் தருகின்றன. குக் மொத்தம் 3 மாதம் தங்கினார். ஓடிப்போன இருவரையும் பிடித்து, கப்பலோடு ஒழுங்காகக் கிளம்பினார். பிளை 5 மாதம் தங்கினார், கப்பல் போயிற்று. ஆக, ஆபத்தின் எல்லை மூன்றாவது மாதத்துக்கும் ஐந்தாவது மாதத்துக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. திங்கட்கிழமை ஒரு நாள் மட்டும் கேட்கும் ஊழியர், தாம் அந்த எல்லைக்குக் குறைந்தது மூன்று மாதம் இப்பால் நிற்பதை விண்ணப்பத்தின் ஓரத்தில் குறித்து அனுப்புவது நலம். ரிசார்ட்டின் பெயரைக் குறிக்க வேண்டியதில்லை.