ஸ்டுடியோ கோட்டு

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனின் ஏற்றுமதித் துணியை வெளுத்துப் பேர் வாங்கிய ஊர் வண்ணாரப்பேட்டை. அங்கே அந்தக் கால ஸ்டுடியோவில் எல்லாருக்கும் ஒரே கோட்டு. அதை மட்டும் யாரும் வெளுத்ததாகத் தெரியவில்லை.

1888-ல் ஈஸ்ட்மேன் 25 டாலருக்குக் கோடக் பெட்டியை விற்று, பொத்தானை அழுத்தினால் போதும், மிச்சத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார். பேட்டை ஸ்டுடியோவில் பொத்தானும் நம் கையில் இல்லை. மூச்சை அடக்கி நிற்பதுதான் நம் பங்கு. பி அண்ட் சி மில்லில் ஷிப்ட் முடித்து வந்த அண்ணன், கோட்டு மாட்டி, ஒயர் இல்லாத டெலிபோனைக் காதில் வைத்து, காஷ்மீர் ஏரிப் படுதா முன் நிற்பார். (மறுமுனையில் யாரோ!) வீட்டில் மின்விளக்கே கிடையாது.

இப்போது டெலிபோன் நிஜம், தவணை பாக்கி. எம்.சி. ரோட்டுச் சட்டையில் செல்ஃபி எடுக்கிறான் அவர் பேரன். விலைச்சீட்டைப் பிய்க்கவில்லை, லைக் விழாவிட்டால் மாற்றணுமே.