பன்னிருவரும் பாயில் விதியும்: கல்மண்டபத்து அந்தமான் திட்டம் பற்றிய ஓர் ஆய்வு

கடல் காற்றில் துணி காயவைக்கும் தூரத்தில் குடியிருப்பவர்கள், கடலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஏன் அந்தமானுக்குப் போக நினைக்கிறார்கள்? ராயபுரம் பற்றி எழுதுகிறவர்கள் 1856-ல் திறந்த ரயில் நிலையத்தோடு நின்றுவிடுவதால், இந்த வினா இதுவரை ஆய்வாளர் கண்ணில் படவில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை என்க.

முதலில் நில அமைப்பு. காசிமேட்டில் நின்று நேர் கிழக்கே, அட்சக்கோடு மாறாமல் படகை விட்டால், வழியில் ஒரு மணல்திட்டுகூடக் கிடையாது. சுமார் 1,350 கிலோமீட்டர் தாண்டி முதலில் முட்டுவது வட அந்தமான். ஆகவே அந்தமான் நமக்கு எதிர்வீடு. நடுவில் தெரு கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். சூரியன் அங்கே ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாக எழுந்துவிடும். நம்மவர்கள் எதற்கும் ஒரு மணி நேரம் பிந்தி வருவதன் வேர் இங்கே இருக்கலாம்.

முன்னோடி என்று பார்த்தால் ராஜேந்திர சோழன். 1025-ஐ ஒட்டிய கடல் படையெடுப்பில் அவன் கொண்ட இடங்களில் மாநக்கவாரமும் உண்டு. அது இன்றைய நிக்கோபார் என்பர். லீவு லெட்டரை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனான் என்பதை மெய்க்கீர்த்தி சொல்லவில்லை.

இனி, திட்டத்தின் காலம். ராயபுரம் கல்மண்டபம் டீக்கடையில் பன்னிரண்டு பேர் முதன்முதலாக இந்த ஸ்கூபா பயணத்தைப் பேசியபோது, போக நினைத்த தீவின் பெயர் ஹேவ்லாக். 2018-ல் அது ஸ்வராஜ் த்வீப் ஆனது. டிக்கெட் போடுவதற்குள் 2024-ல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. இதைவிட உறுதியான கல்வெட்டுச் சான்று எந்தத் திட்டத்துக்கும் கிடைக்காது.

இந்தத் தாமதத்தை விளக்கப் பாயில் விதியே போதும். பெயரைப் பார்த்து, பாயில் படுத்தபடி யாரோ கண்டுபிடித்தது என்று எண்ண வேண்டாம்; ராபர்ட் பாயில் 1662-ல் சொன்னது. அழுத்தம் கூடினால் காற்றின் கன அளவு குறையும். கடலில் பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேலே 12 லிட்டராக இருக்கும் காற்று 10 மீட்டரில் 6 லிட்டர், 20 மீட்டரில் 4, 30 மீட்டரில் 3. இப்போது லிட்டர் என்ற இடத்தில் ஆள் என்று போட்டுப் படியுங்கள்.

முதல் அழுத்தம் துட்டு. விமானமா கப்பலா என்ற கேள்வியிலேயே பன்னிரண்டு ஆறானது. விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பல் ஏறத்தாழ மூன்று நாள். கப்பல் கட்சிக்காரர் ஒருவர், துறைமுகத்தில் கிளியரிங் வேலை பார்ப்பவர், அறிவியலையே துணைக்கு அழைத்தார். பலமுறை முக்குளித்தவர் 18 மணி நேரமாவது கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும், இல்லையேல் உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகிவிடும். கப்பல் கடல் மட்டத்திலேயே வருவதால் அந்த 18 மணி நேரம் மிச்சம் என்றார். அதை மிச்சம் பிடிக்க 60 மணி நேரம் செலவாகுமே என்று கேட்டதற்கு, "அது கப்பல்ல போற டைம்பா, அத கணக்குல சேக்கக் கூடாது" என்றார்.

இரண்டாம் அழுத்தம் தேதி. விசைப்படகில் போகிற நண்பருக்கு மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைதான் ஓய்வு. மே பாதிக்குமேல் அந்தமானில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். எஞ்சியது ஒரு மாதம். அந்த மாதத்தில் இருவர் வீட்டில் கல்யாணம். ஆறு நான்கானது.

மூன்றாவது எதிர்பாராதது. மருத்துவப் படிவம். ஆஸ்துமா உண்டா, காதில் அறுவை உண்டா, பிரஷர் மாத்திரை உண்டா என்று வரிசையாகக் கேட்கும் தாள் அது. அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். முந்தின இரவு குடிக்கக் கூடாது என்று வாய்வழியாக வந்த ஒரு தகவல்தான் நான்கை மூன்றாக்கியது.

இடையில் சிலிண்டர் பற்றிய விவாதம் மூன்று மாதம் ஓடியது. வெல்டிங் பட்டறைக்காரர் அது ஆக்சிஜன்தான் என்று அடித்துச் சொன்னார். உண்மையில் அது அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2,400 லிட்டர். மணலிக் காற்றில் வளர்ந்த நுரையீரலுக்கு வடிகட்டிய காற்று ஒத்துக்கொள்ளுமா என்பது தனி ஆய்வுக்குரியது.

மார்க்கெட்டில் மீன் விற்கும் ஆயாவிடமும் கருத்துக் கேட்கப்பட்டது. "மீன பாக்கவா காசு குட்த்து அம்மாந்தூரம் போறீங்கோ? காலீல அஞ்சு மணிக்கு காசிமேட்டுக்கு வா, கூட கூடயா காட்றேன்."

"அங்க நீந்தும் ஆயா."

"இதுவும் நீந்திக்கினுதான் வந்துச்சு."

இதற்கு மறுப்பு இன்னும் எழுதப்படவில்லை.

இனி, எஞ்சிய மூவரும் அந்தமானில் இறங்கிய களத்துக்கு வருவோம். மூச்சடக்கி முத்தெடுப்பது தூத்துக்குடி மரபு. ஸ்கூபாவின் முதல் பாடமோ நேர் எதிர்: மூச்சை ஒருபோதும் அடக்காதே. ஆழத்தில் இழுத்த காற்று மேலே வரவர விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியும். குஸ்தோவும் காஞானும் 1943-ல் செய்த ஸ்கூபாக் கருவி, நீருக்குள் இருக்கும் அழுத்தத்துக்கு ஏற்ற காற்றைத் தருவதால் வந்த வசதியும் அதுவே, வம்பும் அதுவே. காது அடைத்தால் மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். புதியவர்களை 12 மீட்டருக்குக் கீழே விடுவதில்லை; ஆக, மூவர் 30 மீட்டர் போனார்கள் என்று மேலே வந்தது கணக்குக்காக மட்டும்.

தண்ணீர் கண்ணாடி. காசிமேட்டு அலையில் தன் முழங்காலைக்கூடப் பார்த்திராத கண்ணுக்கு அது கொஞ்சம் பயம்தான். பவளப்பாறையை ஒரு கிளிமீன் கொறிக்கும் சத்தம் காதில் விழுந்தது. பூரித்துப்போன நம்மாள் ஒருவன் "சூப்பர்" என்று கட்டைவிரலை உயர்த்தினான். நீருக்கடியில் அதற்கு "மேலே போகலாம்" என்று பொருள். பயிற்சியாளர் அவனை மேலே கொண்டுபோய்விட்டார். மறுபடி இறங்கியதும் இன்னும் பெரிய மீன், மறுபடி கட்டைவிரல்.

பாயில் விதிக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. 30 மீட்டரில் மூன்று லிட்டராக இருந்தது மேலே வந்தால் பன்னிரண்டாகும். மூவரும் ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குள் டீக்கடையில் பன்னிரண்டு பேரும் "நாங்க அந்தமான் போனப்போ" என்று தொடங்க ஆரம்பித்தார்கள். கிளியரிங் அண்ணன் கப்பலில் வாந்தி எடுத்ததைக்கூடச் சொல்கிறார். கட்டைவிரலை உயர்த்தியது தான்தான் என்று நான்கு பேர் உரிமை கோருகிறார்கள்.

இவ்வாய்வாளர் 20 மீட்டர் வரை தாக்குப்பிடித்து, முந்தின இரவுப் பிரச்சினையில் கழன்றவர். போன வாரம் ஆயா கேட்டார்: "அங்க கிளிமீனு கிலோ இன்னா வெலப்பா?"

சொன்னேன்.