வடக்கே போகும் பை: ஒரு பொதியியல் ஆய்வு

கொழும்பு கோட்டையிலிருந்து காங்கேசன்துறை வரை ஓடும் வடக்குப் புகையிரதப் பாதையைப் பற்றி எழுதியவர்கள் தண்டவாளத்தைப் பற்றி எழுதினார்கள், பாலங்களைப் பற்றி எழுதினார்கள், அரசியலைப் பற்றி வேண்டிய அளவுக்கு மேலேயே எழுதினார்கள். இருக்கைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பொதித் தட்டைப் பற்றி நானறிய ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தட்டின் கீழே உட்கார்ந்து, உச்சந்தலையில் ஏதோ சொட்ட, அது தேனா தயிரா என்று விரலால் தொட்டு நக்கிப் பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் இக்குறையை நிரப்ப முன்வருகிறேன்.

ஆய்வின் கருதுகோள் இது. வன்னிக் காட்டுக்குள் இருக்கும் உறவினரைப் பார்க்க நாம் போவதில்லை. பைகள் போகின்றன. கால் இல்லாத குறைக்கு நம்மைக் கூட்டிக்கொண்டு போகின்றன.

இதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. 1905 தொடக்கத்தில் லெனார்ட் வூல்ஃப் என்ற இளம் வெள்ளைக்கார உத்தியோகத்தர் யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை ஏற்கப் புறப்பட்டார். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஒரே ரயிலில் போகும் வசதி அவ்வாண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. ஆகவே அநுராதபுரத்துக்கு வடக்கே காட்டுவழியைத் தபால் வண்டியில் கடந்தார். தபால் வண்டி என்றால் பெரிய மாட்டு வண்டிதான். அடியில் தபால் மூட்டைகள், மூட்டைகளின் மேல் பயணிகள் படுக்கை. ஆய்வாளர் உற்று நோக்க வேண்டிய இடம் இதுவே. மூட்டைக்கு ஆசனம், மனிதனுக்கு மூட்டையின் மேல் இடம். வூல்ஃபின் சொந்தச் சாமான்களில் வால்டேரின் நூல்கள் மட்டும் தொண்ணூறு தொகுதிகள். போகிற இடத்தில் யாரும் கேட்டிராத பொருளைச் சுமந்துகொண்டு வடக்கே போகும் வழக்கம் நம் சித்தப்பாமாரோடு தொடங்கியதன்று என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி உரைப்பகுதி. மாங்குளத்திலிருந்து உள்ளே, குளத்தோரக் கிராமமொன்றில் இருக்கும் என் மாமி, நான் வருகிறேன் என்று தொலைபேசியில் சொன்னதும் ஒவ்வொரு முறையும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "எல்லாம் இஞ்சை இருக்குத் தம்பி. ஒண்டும் கொண்டு வராதை."

மேலோட்டமாகப் படிப்போர் இதிலுள்ள உம்மையை முற்றும்மையாகக் கொண்டு, எப்பொருளும் வேண்டாம் என்று பொருள் சொல்வர். அது பொருந்தாது. அப்படிப் பொருள்கொண்டு ஒருமுறை கைவீசிக்கொண்டு போயிருக்கிறேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று படலைப் பக்கம் பார்த்தார். அன்றிலிருந்து அதை எச்சவும்மையாகவே கொள்கிறேன். அதாவது, ஒன்று கொண்டு வராதே. வேறு பலவும் எஞ்சி நிற்கின்றன. "எல்லாம் இஞ்சை இருக்கு" என்பதும் உண்மையே. நான் வெள்ளவத்தையில் வாங்கும் அதே பிஸ்கட் மாங்குளம் சந்திக் கடையில் அதே விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் அது ரயிலில் வந்த பிஸ்கட் அல்லவே.

ஆகவே புறப்படுகிறோம். பெயர் புகையிரதம், யாழ்ப்பாணத்து முதியவர்களுக்குக் கோச்சி, 1956 முதல் செல்லப்பெயர் யாழ்தேவி. விடியற்காலைக் கோட்டை மேடையில் மனிதர்களைப் பார்த்து யார் எங்கே போகிறார்கள் என்று சொல்ல முடியாது. பைகளைப் பார்த்துச் சொல்லலாம். சில்லு வைத்த பெட்டி யாழ்ப்பாணம். அநேகமாக அதன் காதில் விமானநிலையச் சீட்டு இன்னும் தொங்கும். வாயைக் கயிற்றால் கட்டிய உரப்பை வன்னி. துணிக்கடைப் பைக்குள் சொப்பிங் பை, அதற்குள் இன்னொரு சொப்பிங் பை, அதற்குள் செய்தித்தாள், அதற்குள் மீன் பணிஸ் என்று வெங்காயம்போல் உரிக்க உரிக்க வருவதும் வன்னியே. இந்த மூன்றாம் வகை பொல்காவலை தாண்டுவதற்குள் பெட்டி முழுவதற்கும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்.

பொல்காவலையில் கண்டிப் பாதை பிரிகிறது. மாகோவில் கிழக்குப் பாதை பிரிகிறது. மதவாச்சியில் தலைமன்னார்ப் பாதை. இவற்றுக்கிடையே வடை விற்பவர்கள் "வடே, வடே, இஸ்ஸோ வடே" என்று பெட்டி பெட்டியாக நடக்கிறார்கள். மேலே பலகாரப் பை நிறைந்திருக்கக் கீழே இருப்பவர் வடை வாங்கித் தின்பது ஏன் என்ற கேள்விக்கு விடை எளிது: மேலே இருப்பது மற்றவர்களுக்கு.

வவுனியா தாண்டியதும் காடு தண்டவாளத்தை நெருங்கி வருகிறது. ஓமந்தை என்ற பெயர்ப்பலகை வருமிடத்தில் பைகளின் வரலாறு சற்றுக் குரலைத் தாழ்த்துகிறது. 1990 ஜூனில் போரால் இப்பாதையில் ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. ரயில் நின்றதும் பைகளும் நின்றன என்று கொள்வது பிழை. அவை லொறியிலும் சைக்கிள் கரியரிலும் போயின. டோச் பற்றரிக்கும் உரத்துக்கும் சீமெந்துக்கும் தடை இருந்த காலம் அது. 2002இல் ஏ9 வீதி திறந்தபின், கொழும்பில் கட்டிய முடிச்சை ஓமந்தையில் ஒரு தரப்புக்கு அவிழ்த்துக் காட்டி, மறுபடி கட்டி, அப்பால் மறு தரப்புக்கு அவிழ்த்துக் காட்டினோம். அந்த ஆண்டுகளின் பைகளை இந்த வகைப்பாட்டில் நான் சேர்க்கவில்லை. அவற்றில் பலகாரத்தைவிட மருந்தே கூடுதலாக இருந்தது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சி வரை ரயில் திரும்பி வந்தது. மறு ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரை.

மாங்குளத்தில் இறங்குகிறேன். ஊர்ச் சிநேகிதன் ஒருவன் லாண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரத்தோடு நிற்கிறான். அதன் இழுவைப் பெட்டியில் முதலில் பைகள் ஏறுகின்றன, பிறகு நான், பைகளின் மேலே. வூல்ஃபின் காலத்துக்குப் பின் போக்குவரத்தில் ஏற்பட்ட முன்னேற்றம் மாட்டுக்குப் பதில் இயந்திரம் வந்ததுதான். அவன் வழிநெடுக யானை புகுந்த வயலைக் காட்டிக்கொண்டே வருவான். சத்தத்தில் பாதிதான் கேட்கும், மீதிக்குத் தலையாட்டுவேன்.

வீட்டில் பை ஒப்படைப்பு ஒரு சடங்கு. மாமி கேட்பார், "உதென்ன?" நான் சொல்வேன், "சும்மா." சும்மா என்ற சொல்லுக்கு அகராதிகள் வேறு பொருள்கள் தருகின்றன, இவ்விடத்தில் அதன் பொருள் ஆறு கிலோ. பை என் கண்முன் பிரிக்கப்படாது, அது மரியாதைக் குறைவு. உள்ளறைக்குப் போகும். அடுத்தநாட் காலை, பிளேன்ரீயோடு ஒரு தட்டில் பிஸ்கட் வரும். நான் கொண்டுபோன பிஸ்கட். நானே தின்பேன், நன்றாயிருக்கிறது என்றும் சொல்வேன். கொழும்பு வீட்டில் அதை நான் தொடுவதில்லை.

திரும்பும் நாள்தான் இத்துறையின் உச்சம். "கொஞ்சம்தான்" என்பார் மாமி. கொஞ்சம் என்பது வன்னியில் ஓர் அளவை: இரண்டு கையாலும் தூக்க இயலாததற்குச் சற்றுக் குறைவானது. குத்தரிசி. உழுந்து. கடதாசிச் சுருளால் அடைத்த சாராயப் போத்தலில் தேன். இந்தப் போத்தலை அயலிருக்கைக்காரர் பார்க்கும் பார்வையைத் தனிக் கட்டுரையாக எழுதலாம். முட்டியில் எருமைத் தயிர். பருவம் வாய்த்தால் பாலைப்பழம். அது வைத்திருக்கவும் முடியாது, நிறையத் தின்னவும் முடியாது. பால் உதட்டில் ஒட்டி, மதவாச்சி வரை வாய் திறக்கவிடாது. பேச்சுக்காரச் சகபயணிக்கு நான் பாலைப்பழம் நீட்டுவது இந்த அறிவின் பயனே. இவ்வளவும் ஏற்றியபின், ரயில் மேடைக்குள் நுழையும் நொடியில், சிநேகிதன் லாண்ட்மாஸ்டர்ப் பெட்டியின் மூலையிலிருந்து ஒரு பூசினிக்காயை எடுத்து நீட்டுவான். மறுக்க நேரமிராது. அதைத் தெரிந்துதான் அதுவரை ஒளித்துவைத்திருப்பான்.

அந்தப் பூசினிக்காய் கொழும்பில் என் மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏறி, எட்டுத் துண்டாகி, பக்கத்து வீடுகளுக்குப் போகும். போன பாத்திரங்கள் வெறுமையாகத் திரும்பா. ஒன்றில் சீனி, ஒன்றில் வட்டிலப்பம். வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கலாகாது என்ற விதி பைக்கும் பொருந்தும் என்பதில்தான் ஆய்வின் முழுச் சிக்கலும் இருக்கிறது. மாமியின் சாமான் மாமியின் பையில்தான் வருகிறது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வெறுமையாக அல்ல. கொடுக்கப் போனால் இன்னொரு பை வரும். தற்போது மாமியின் பைகள் மூன்று என் அலுமாரியில் இருக்கின்றன.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கையில் தொலைபேசி அடித்தது.

"தம்பி, அந்த நீலப் பை உங்கையோ கிடக்கு?"

"ஓம் மாமி. வேணுமோ?"

"இல்லை, சும்மா கேட்டனான்."

ஓகஸ்டுக்கு ஆசனம் பதிந்துவிட்டேன். ஜன்னலோரம் கிடைக்கவில்லை, தட்டு நேரே தலைக்கு மேலே.