பூட்டை மட்டும் படம் பிடி, பேராண்டி

வாப்பா, உக்காரு. அந்தப் பையைப் பைய இறக்கி வை. உள்ள இருக்கிற லென்சு ஒன்னை வித்தா ஒரு கறவை மாடு பிடிக்கலாம்னு உங்க அத்தை சொல்லுதா. மாடு பிடிச்சா தினம் சாணி அள்ளணும், அதனால லென்சே மேலு.

மாஞ்சோலைக்கா போற? நோட்டீஸைப் படிச்சுக் காட்டுனியே, கைவிடப்பட்ட தேயிலைக் கிராமத்துல வழிகாட்டியோட ரெண்டு நாள் போட்டோப் பயிற்சின்னு. ரொம்பத் தோதா எழுதியிருக்காக. யாரு யாரைக் கைவிட்டதுன்னு மட்டும் போடல. நோட்டீஸ்ல எடம் பத்தியிருக்காது.

காசு கட்டிட்ட, போய்த்தான் ஆகணும். நல்ல படம் வேணும்னா கெழவன் சொல்றதக் கேட்டுக்கோ. அங்க யாருகிட்டயும் பேச்சுக் குடுக்காத. பேச்சுக் குடுத்தா கதை வரும், கதை வந்தா கை நடுங்கும், கை நடுங்குனா படம் ஆடிப்போகும். யாராச்சும் ‘தம்பி, 1929ல’ன்னு ஆரம்பிச்சா பேட்டரி மாத்துற மாதிரி குனிஞ்சுக்கோ.

ஏன்னா அந்த 1929 லேசுப்பட்ட கதை இல்ல. சிங்கம்பட்டி ஜமீன் காட்டுல 8,373 ஏக்கரை 99 வருசக் குத்தகைக்கு எடுத்தது பம்பாய் பர்மா கம்பெனி. ஜமீன் வீட்டுப் பிள்ளை கொலைக் கேசுல மாட்டி, வக்கீலுக்கு அழுது அழுதே மலை கைமாறுச்சுன்னு அந்தப் பக்கம் சொல்லுவாக. வக்கீல் பீசுக்கு வீட்டை வித்தவன் நம்மூர்லயும் உண்டு. மலையவே குடுத்தவன் அங்கதான். கெடு 2028ல முடியணும்.

கம்பெனி சின்னக் கம்பெனின்னு நெனச்சுராத. 1863ல ஆரம்பிச்சது. பர்மாவுல தேக்கு வெட்டுனாக. வெட்டுன கட்டைக்குக் கணக்கு சரியில்லன்னு அந்த ஊர் அரசாங்கம் அபராதம் போட்டுச்சு. அதைச் சாக்கா வச்சு 1885ல வெள்ளைக்காரன் படையெடுத்துப் போயி, திபா மன்னரைப் பிடிச்சு, பெண்டு பிள்ளையோட கப்பலேத்தி ரத்னகிரிக்கு அனுப்பிட்டான். கட்டைக் கணக்கு ஒன்னு கிளம்புனா அரண்மனையே காலியாகும்போது, எஸ்டேட்டு லயன் வீட்டுக்காரிக்குப் பெட்டி கட்ட எத்தனை நேரம் ஆகும்?

2018ல மாஞ்சோலைக் காட்டைக் காப்புக்காடுன்னு அறிவிச்சாக. 2024 ஜூன் மாசம் கம்பெனிக்காரக, விருப்ப ஓய்வுல கையெழுத்துப் போடு, ஆகஸ்ட்டுக்குள்ள வீட்டைக் காலி பண்ணுன்னாக. மூணு தலைமுறை, நாலு தலைமுறையா அங்கயே பிறந்து அங்கயே கொழுந்து கிள்ளுனவுக. வேலை கம்பெனியோடது, வீடும் கம்பெனியோடது. வேலை போனா அன்னைக்கே வீடும் போச்சு. அரசாங்கத் தேயிலைக் கழகமே எடுத்து நடத்தட்டும்னு மதுரை ஹைகோர்ட்டு வரைக்கும் போயிப் பாத்தாக, நடக்கல. சில குடும்பம் கீழ எறங்க மாட்டோம்னு நின்னுச்சு. நீ போற நேரம் அவுகள்ல யாராச்சும் வாசல்ல நின்னா, கொஞ்சம் ஒதுங்கிக்கிடுங்கன்னு மரியாதையாச் சொல்லு. ஆளில்லாத ஊருன்னு காசு கட்டி வந்திருக்க, ஆளு நின்னா பிரேம் கெட்டுப்போகும்ல?

லயன் வீட்டுல என்ன எடுக்கணும்னு உங்க வழிகாட்டியே சொல்லித் தருவாரு. உடைஞ்ச சன்னல், துருப்பிடிச்ச பூட்டு, செவத்துல பாசி. கையொடிஞ்ச பொம்மை ஒன்னு கட்டாயம் வேணும். அங்க இல்லாட்டி அவரு பையில இருந்து வரும், கவலைப்படாத. காலண்டர் தொங்குனா தேதியைப் பாத்துக்கோ. 2024ன்னு இருந்தா பாக்குறவன் நம்ப மாட்டான், இடிஞ்ச வீட்டுக்குக் கொஞ்சம் வயசு வேணும். 1964 வேணும்னா தனுஷ்கோடிக்கு வண்டியத் திருப்பு. அந்த ஊரைக் கொண்டுபோனது கடல். கடல் மேல கேசு போட முடியாது, அதனால படமும் நிம்மதியா எடுக்கலாம்.

காசு இருந்தா இன்னும் தூரமாப் போகலாம். நமீபியாவுல கோல்மான்ஸ்கோப்புன்னு வைரக் கம்பெனி ஊரு ஒன்னு. வைரம் தீந்ததும் 1956ல கடைசி ஆளும் கிளம்பிட்டான். இப்ப வீட்டுக்குள்ள முழங்கால் மணல். அந்த மணலைப் படமெடுக்கத் தனியா அனுமதிச் சீட்டு விக்கிறாக. சிலி நாட்டுப் பாலைவனத்துல ஹம்பர்ஸ்டோன்னு இன்னொன்னு, உப்பு வெட்டுன ஊரு. நம்ம வெடியுப்புக்கு அந்த உப்பு பெரியப்பா மகன். அங்க கூலியைக் காசாக் குடுக்காம வில்லையாக் குடுப்பாக, அது கம்பெனிக் கடையில மட்டுந்தான் செல்லும். 1960ல ஊரு அடைச்சுச்சு, 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறுச்சு. ஆளு இருக்கையில வில்லை, ஆளு போனபிறகு பட்டயம்.

மாஞ்சோலைக்கு மழைக்கோட்டு எடுத்துக்கோ. நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டுலயே மழை கொட்டுற எடம், நம்ம கரிசல்காட்டு மானத்தை நம்பிக் கிளம்பிராத. அட்டை இருக்கும். காலைப் பிடிச்சா பதறாத, வயிறு நிறைஞ்சா அதுவாவே விழுந்துரும். குத்தகைக் காலமெல்லாம் அதுக்குத் தெரியாது. மணிமுத்தாறு செக்போஸ்ட்டுல வனத்துறை அனுமதி கேப்பாக. 1988ல இருந்து புலிக் காப்பகம். புலிக்கு அனுமதி வேண்டாம், உனக்கு வேணும்.

திருநெல்வேலி வழியாத்தான் போகணும். தாமிரபரணிப் பாலத்துல பஸ் மெதுவாப் போகும், ஆறு அழகா இருக்கும், கேமராவத் தூக்குவ. தூக்கு. 1999 ஜூலை 23ந் தேதி மாஞ்சோலை ஆளுகளுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனாக. கூலி உயர்வு கேட்டு, செயில்ல கெடந்தவுகள விடச் சொல்லி. போலீசு தடியடியில ஆத்துக்குள்ள விழுந்தவுகள்ல பதினேழு பேரு பிணமா வந்தாக, ஒரு கைக்குழந்தை உட்பட. இதுல கேலி பண்ண எனக்கு ஒன்னுமில்ல.

சரி, நம்ம பக்கம் இப்பிடி ஒரு ஊரு இல்லையான்னு கேக்குற. இல்லப்பா. சிவகாசி மொதலாளிமாரு அந்த விசயத்துல படு கெட்டிக்காரக. 1922ல ரெண்டு பேரு கல்கத்தா போயித் தீப்பெட்டித் தொழிலக் கத்துட்டு வந்தாகளே, அன்னைக்கு இருந்து இன்னைக்கு வரைக்கும் லயன் வீடுன்னு ஒன்னு கட்டல. வீடு கட்டிக் குடுத்தா கூரை ஒழுகுதுன்னு வந்து நிப்பான். அதுக்குப் பதிலா விடியக் கருக்கல்ல ஊருக்கு ஊரு வேனு வரும். ஆளை அள்ளிட்டுப் போகும், சாயங்காலம் கொண்டாந்து எறக்கும். சின்ன வயசுல நானும் தீக்குச்சிக் கட்டை அடுக்கிருக்கேன். தீக்குச்சி அவுகளுது, திண்ணை எங்களுது.

2018ல சுப்ரீம் கோர்ட்டு பட்டாசு மருந்துல பேரியம் கூடாதுன்னு சொன்னப்ப, ஆலைகளை மாசக்கணக்கா அடைச்சுட்டாக. ஊரு அப்பிடியே இருந்துச்சு. கூரையும் இருந்துச்சு, சனமும் இருந்துச்சு. வேனு மட்டும் வரல. காலையில ஏழு மணிக்குப் பொம்பளைக வாசல்ல சும்மா உக்காந்திருந்தாக. அதை எடுக்க எந்த வழிகாட்டியும் பஸ் பிடிச்சு வரலப்பா. பூட்டு இல்ல, பாசி இல்ல, பொம்மைக்குக் கையும் ஒடியல. சும்மா உக்காந்திருக்கிறதை எந்த லென்சுல எடுக்கன்னு உங்க வாத்தியாருகிட்டக் கேட்டுச் சொல்லு.

லைசென்சு போயி மூடிக்கிடக்கிற பட்டாசு செட்டும் இங்கன உண்டு, வேம்பும் சீமைக்கருவேலமும் மண்டி. பாக்க உன் நோட்டீஸ் படம் மாதிரியே இருக்கும். அங்க மட்டும் கேமராவத் தூக்கிட்டுப் போயிராத. தரையில எந்த மூலையில என்ன மருந்து சிந்திக் கிடக்குன்னு தெரியாது. உன் மூணுகால் ஸ்டாண்டை இழுத்து ஒரு உரசு உரசுனா, அடுத்த பயிற்சிக்கு நீதான் படம்.

ஒன்னே ஒன்னு வேணும்னா செய்யி, உங்க வாத்தியாருக்குத் தெரியாம. ரெண்டாம் நாள் எல்லாரும் சூரியன் மறையிறதுக்குக் காத்துக் கிடக்கையில நீ பஸ் பிடிச்சுக் கீழ எறங்கிரு. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் விசாரி. மலையில இருந்து வந்தவுக வாடகை வீட்டுல எங்கயாச்சும் இருப்பாக. ஒரு பாட்டிகிட்ட உன் பூட்டுப் படத்தைக் காட்டு. அது யாரு வீட்டுப் பூட்டு, சாவி யாருகிட்ட இருக்கு, மழைக்காலத்துல எந்தச் செவரு ஓதம் காக்கும், எல்லாஞ் சொல்லுவா. படத்துக்குக் கீழ எழுத ரெண்டு வரி கிடைக்கும். உங்க ஆளுக ‘காலத்தின் மௌனம்’னு எழுதுறதுக்கு இது தேவலாம். அவளையும் ஒரு படம் எடுத்து, அட்டையில பிரிண்டு போட்டுக் கொண்டுபோய்க் குடு. வாட்சப்புல அனுப்புறேன்னு சொல்லிட்டு வந்துராத, உங்க வாட்சப்பு எனக்குத் தெரியும்.

அந்தா, சாத்தூர் பஸ்ஸு ஆரன் அடிக்கிறான். கிளம்பு. கல்லிடைக்குறிச்சி போனா அப்பளம் ரெண்டு கட்டு வாங்கிட்டு வா, பெரிய அப்பளமா. காசு உங்க அத்தைகிட்ட வாங்கிக்கோ, எங்கிட்டக் கேட்டா வக்கீலு வைப்பேன்.