கறுப்பு-வெள்ளை வயரின் மூலபாடம்: லாபிஸ் வட்டாரச் சி70 மோட்டார்களை முன்வைத்து

சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர் கைக்கு எட்டாத சுவடி ஒன்று லாபிஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் இன்றும் கிடைக்கிறது. சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போட்டு, மறுபடி பூட்டிய பழைய ஹோண்டா சி70-இன் வயரிங்தான் அது. மூலம் 6 வோல்ட். உரைகளோ தொட்டவர் தலைக்கு ஒன்று.

சி70 குடும்பத்தின் முதல் நூல் 1958-இல் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் கப். 2017-க்குள் 10 கோடிப் படிகள் அச்சேறிவிட்டன. இராமாயணத்துக்குக்கூட இத்தனை படிகள் உண்டா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

மூலபாடம் சுருக்கமானது. காந்தம் பதித்த ஃபிளைவீல் கொயிலைச் சுற்றி ஓட, ஃபாரடே 1831-இல் கண்ட விதிப்படி மின்சாரம் பிறக்கிறது. பாயிண்ட் மூடியிருக்கும்வரை அது எர்த்துக்கே திரும்பிவிடும். ஃபிளைவீலின் 'எஃப்' கோடு எஞ்சின் கோட்டோடு சேரும் நொடியில் பாயிண்ட் திறக்க வேண்டும், இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. திறந்ததும் வேறு போக்கிடம் இல்லாத மின்சாரம் இக்னிஷன் கொயிலில் பாய்ந்து, பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறி, பிளக்கில் பொறியாகிறது. இதில் பேட்டரிக்குப் பாத்திரமே இல்லை என்பதை வாசகர் அடிக்கோடிட்டுக்கொள்க.

உரைப்போர் மூள்வது கறுப்பு-வெள்ளை வயரில். சாவியை மூடினால் அந்த வயர் பச்சை எர்த்தோடு சேரும், எஞ்சின் நிற்கும். சாவியைத் திறந்தால் அது எதனோடும் சேராது, எஞ்சின் ஓடும். வீட்டு விளக்குச் சுவிட்சோடு வளர்ந்த மனித மனம் இதை ஒப்புவதில்லை. "கரண்ட் குடுக்காம எப்படிண்ணே ஓடும்?" என்பது பேட்டரிவாதிகளின் பூர்வபட்சம். காருக்குச் சார்லஸ் கெட்டரிங் வகுத்த பேட்டரி இக்னிஷன் நெறியை, 1910-இன் கேடிலாக்கை, இவர்கள் சி70-க்கும் பொருத்தி, கறுப்பு-வெள்ளையில் பேட்டரியின் பிளஸ்ஸைக் கொடுப்பார்கள். மூடிய பாயிண்ட் வழியே அது நேராக எர்த்துக்கு இறங்கும். ஃபியூஸ் இருந்தால் ஃபியூஸ் போகும். ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டி ஈயத்தாள் சுற்றியிருந்தால் உரை புகையோடு முடியும்.

பாடபேதங்களுக்குக் குறைவில்லை. பச்சை வயர் அறுந்த இடத்தில் ஸ்பீக்கர் வயர், அதற்கு மேல் கறுப்பு டேப் உருண்டை: ஐயமற்ற இடைச்செருகல். ஆனால் எல்லாவற்றிலும் கொடியவர் அழகுணர்ச்சி மிக்க உரையாசிரியரே. எஞ்சினைப் புதுப்பித்த பெருமையில் சட்டம், கொயில் பிடிப்பு, போல்ட் துளை என்று ஓரிடம் விடாமல் பளபளப்பாகப் பெயிண்ட் அடித்திருப்பார். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. கொயிலுக்கு எர்த் கிடைக்காமல், பார்க்க மாப்பிள்ளை மாதிரி நிற்கும் வண்டி உதைக்க உதைக்க ஊமையாகவே இருக்கும். போல்ட்டைக் கழற்றி, அடியில் உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியத் தேய்த்தாலே பாதி வழக்கு தீரும். தேய்க்க மனம் வராது என்பது வேறு.

வண்டி காலையில் ஒரே உதையில் கிளம்பி, சாஆ ஊருக்குப் போகும் வழியில் சூடேறியதும் நின்றுவிட்டால் முதலில் பாயிண்டோடு இணைந்த கண்டென்சரைச் சந்தேகிக்க.

பொறி வருகிறதா என்று பிளக் வயரைக் கையில் பிடித்தே சோதிக்கும் நேர்முக ஆய்வுமுறையும் வழக்கில் உண்டு. லாபிஸ் ரயில் தடத்தின் மேல் ஓடும் 25,000 வோல்ட் கம்பிக்கு எச்சரிக்கைப் பலகை உண்டு. பல்லாயிரம் வோல்ட் தரும் பிளக் வயருக்கு அப்படி எதுவும் இல்லை. இதில் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆய்வாளர் பிழைக்கிறார், கூடவே அவர் சொல்வளமும் பெருகுகிறது.

சித்தாந்தம் இது: கறுப்பு-வெள்ளையை இணைப்பில் கழற்றிவிட்டு உதைக்க. பொறி வந்தால் பிழை சாவியிலோ உரைகளிலோ. வராவிட்டால் மூலத்தில், அதாவது பாயிண்ட், கண்டென்சர், கொயிலில். இந்நெறி பெரும்பாலும் வெல்லும். வென்றபின் ஒரு சிக்கல் எஞ்சும். சாவி சட்டைப்பையில் இருக்கும், எஞ்சின் நிற்காது. கியர் போட்டுப் பிரேக்கை மிதித்தாலும் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் விட்டுக்கொடுத்துவிடும். சோக்கை முழுக்க மூடித்தான் அடக்க வேண்டும். அந்தச் சோக் பதினைந்து வருடமாகத் துருவேறி அசையாமல் இருப்பது தனி ஆய்வுக்குரியது.